கடலில் பட்ட காயம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அந்தமான் ஹேவ்லாக் தீவில் ஸ்நார்க்கெலிங் செய்தபோது என் மகனுக்கு (16 வயது) முழங்காலுக்குக் கீழே பவளப்பாறை உரசிவிட்டது. சின்னக் கீறல்தான். படகில் இருந்தவர்கள் கடல் தண்ணீரிலேயே கழுவி பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்கள். பத்து நாளாகியும் ஆறவில்லை, ஓரம் சிவந்து அரிக்கிறது, நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை. சைக்கிளில் விழுந்து இதைவிடப் பெரிய காயம் பட்டபோதுகூட ஒரு வாரத்தில் சரியாகிவிட்டதே?
*வாசகி, ஈரோடு*

பதில்: ரோட்டில் விழுந்தால் காயத்துக்குள் போவது மண்ணும் பொடிக்கல்லும்தான். பவளப்பாறை அப்படியில்லை, அதற்கு உயிர் இருக்கிறது. கரடுமுரடாகத் தெரிவது சுண்ணாம்பாலான எலும்புக்கூடு, அதன் மேல் ஆயிரக்கணக்கான குட்டி உயிரிகள் மெல்லிய சதைப் படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன, ஜெல்லிமீனுக்குச் சொந்தம் என்பதால் அவற்றுக்கும் கொட்டும் செல்கள் உண்டு. உங்கள் மகனின் கால் உரசியபோது அந்தச் சுண்ணாம்புத் துணுக்கு, சதை, அதன் மேலிருந்த கோழை, அதில் வாழும் பாக்டீரியா எல்லாம் சேர்ந்து தோலுக்குள் போயிருக்கும். ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய தோல் சுலபமாகக் கிழியும், கிழிந்ததும் உடனே உறைக்காது. கரைக்கு வந்து குளிக்கும்போதுதான் பலருக்கும் எரிச்சலே தெரியும்.

அதனால் பவளம் கீறிய காயம் ஆற மூன்று, நான்கு வாரம் ஆவது அபூர்வம் இல்லை. ஆனால் சிவந்து நீர் கசிகிறது என்கிறீர்கள், இதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே துணுக்கு மிச்சம் இருக்கலாம், கிருமி பிடித்திருக்கலாம், இல்லையென்றால் பவளத்தின் புரதத்துக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமையாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. துணுக்கு சுண்ணாம்பு என்பதால் கொஞ்சம் பெரிதாக இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். ஒவ்வாமை என்றால் ஸ்டீராய்டு களிம்பு கேட்கும். அதே களிம்பைக் கிருமி பிடித்த புண்ணில் போட்டால் புண் பெருத்துவிடும், ஆகவே அரிக்கிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஒன்றை வாங்கிப் போடாதீர்கள். மஞ்சள் தூளும் வேண்டாம், உள்ளே ஏற்கெனவே இருக்கிற தூளே போதும்.

டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமாக "இது கடலில் பவளப்பாறை கீறியது" என்று சொல்லுங்கள். இதைத்தான் நம் ஆட்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். "காலில் புண்" என்று மட்டும் சொன்னால் சாதாரணப் புண்ணுக்கான மாத்திரைதான் கிடைக்கும், கடல் கிருமிகளில் சில அதற்கு மசியாது. கடல் என்று தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தை அவர் யோசிப்பார். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் இப்போது போட்டுவிடுங்கள்.

இனிமேல் கடலுக்குப் போகிறவர்களுக்கு: கீறல் பட்டதும் தண்ணீரை விட்டு வெளியே வந்து, சோப்பும் நல்ல குடிதண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வலிக்கும், பரவாயில்லை, தேய்க்காமல் மேலாக ஊற்றினால் துணுக்கு வெளியே வராது. அப்புறம் லிட்டர் கணக்கில் தண்ணீர் விட்டு அலசுங்கள். கண்ணுக்குத் தெரிவதைச் சுத்தமான இடுக்கியால் எடுங்கள். பொவிடோன் அயோடின் மருந்து போட்டு லேசாக மூடினால் போதும், ஆழமான வெட்டாக இருந்தாலும் அவசரப்பட்டு இறுக்கித் தைக்கக் கூடாது, உள்ளே இருப்பதை வைத்துப் பூட்டியதாகிவிடும். கடல் தண்ணீரில் கழுவி பிளாஸ்டர் ஒட்டியது நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அது கழுவியதில் சேராது.

கேள்வி: என் அம்மா மண்டபம் பக்கம் கடலில் பாசி எடுக்கப் போகிறார். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் போவார், ஆனாலும் கை, கால் எல்லாம் பார் (கடலடிப் பாறை) கிழித்த காயம். இப்போது சுகர் இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. தொழிலை விடச் சொன்னால் கேட்க மாட்டார்.
*வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்*

பதில்: விடச் சொல்லி நானும் எழுதப் போவதில்லை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடல்பாசிகளை எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாக்கள் அந்தக் கரையில் நிறையப் பேர். ஆனால் சுகர் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான கடல் நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா குடும்பம் இருக்கிறது. நல்ல ஆரோக்கியம் உள்ளவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சுகர் உள்ளவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் உடம்பில் புகுந்தால் ஒன்றிரண்டு நாளில் தசையையே அழுகவைத்துவிடும், உயிரையும் எடுக்கும். காயத்தைச் சுற்றி வேகமாகப் பரவும் சிவப்பு, புண்ணின் அளவுக்குப் பொருந்தாத வலி, நீலமோ கறுப்போ கலந்த கொப்புளம், நடுக்கத்தோடு காய்ச்சல், இதில் ஒன்று வந்தாலும் இரவு என்றும் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது.

அம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பார் கிழித்ததே தெரியாது. தினமும் கரைக்கு வந்ததும் நீங்களோ வேறு யாரோ உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். துணி காயத்தைக் குறைக்கும், ஆனால் ஈரத்தையும் அழுக்கையும் விரலோடு கட்டி வைக்கும். அதற்குப் பதில் உள்ளங்கைப் பக்கம் ரப்பர் பூசிய கையுறை நல்லது, பாசியைப் பிடிக்கவும் வரும். காலுக்கு ரப்பர் செருப்பு போதாது, கணுக்கால் வரை மூடிய கெட்டி அடி உள்ள ஷூ வேண்டும். படகில் ஒரு கேன் குடிதண்ணீரும் ஒரு சோப்பும் எப்போதும் இருக்கட்டும். திறந்த புண் இருக்கும் நாளில் கடலில் இறங்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான வார்த்தை, அன்றைய கூலி போகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இந்தக் கையுறையும் ஷூவும் இந்தப் பெண்களுக்கு அரசு தர வேண்டிய பொருள்கள், வலை, இன்ஜினுக்கு மானியம் கேட்பதுபோல் இதையும் சங்கத்தில் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: பவளம் கீறினால் எலுமிச்சை பிழியலாம், சிறுநீர் விடலாம் என்கிறார்களே?
*வாசகர், தூத்துக்குடி*

பதில்: இரண்டும் வேண்டாம். எரிச்சல்தான் மிச்சம். ஃபயர் கோரல் என்று ஒன்று உண்டு, கடுகு மஞ்சள் நிறம், நுனி வெள்ளையாக இருக்கும், பார்க்கப் பவளம் மாதிரியே இருந்தாலும் வேறு இனம், கீறாமலே வெறுமனே தொட்டாலும் தீப்பட்டதுபோல் எரிந்து தடித்துவிடும். அதற்கு மட்டும் வினிகர் ஊற்றலாம். கீறிய காயத்துக்கு சோப்பும் தண்ணீரும்தான்.

கேள்வி: வீட்டில் பவளம் வைத்த உப்புநீர் மீன் தொட்டி இருக்கிறது. சுத்தம் செய்தபோது விரலில் கீறியது, ஆறியும்விட்டது. ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் வலியில்லாத கட்டி.
*வாசகர், சென்னை*

பதில்: மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியாக இருக்க வாய்ப்பு அதிகம். காசநோய்க் கிருமியின் உறவு, ஆனால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. சுமார் 30 டிகிரி சூடு அதற்குப் பிடிக்கும் என்பதால் உடம்பின் உள்ளே போகாமல் குளிர்ச்சியான விரல், கை, முழங்கைப் பக்கமே தங்கும். சாதாரண ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கில் போகாது, சில மாதங்கள் மருந்து வேண்டியிருக்கும். தோல் மருத்துவரிடம் தொட்டி விஷயத்தைச் சொல்லி, கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, தொட்டியில் பட்டன் போன்ற ஜோவாந்திட் என்ற, பவளத்துக்குச் சொந்தமான உயிரி வகை இருந்தால் அந்தக் கல்லை வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்யாதீர்கள், வேகவைக்கவும் கூடாது. அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு, ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.