தண்ணின்னா பயமா? பெரியவங்க நீச்சல் கேள்வி பதில்

நான் கோயம்புத்தூர்ல பெரியவங்களுக்கு மட்டும் நீச்சல் சொல்லிக் கொடுக்கறேன், அதுலயும் முக்கால்வாசி பேர் தண்ணியப் பாத்தாலே பின்னாடி போறவங்க. கேள்வி நிறைய வந்திருக்கு, ஒண்ணொண்ணா வர்றேன்.

அக்கா, எனக்கு 41. பையன் நீந்தறான், நான் பெஞ்ச்ல உக்காந்து பாக்கறேன். பயம் போனதும் சேரலாம்னே நாள் ஓடுது. எப்படி போக்கறது?

போக்க வேணாம்மா, அதையும் கூட்டிட்டே வாங்க. பெஞ்ச்லயே உக்காந்திருந்தா அது போகாது, கொழுத்துட்டுதான் இருக்கும். 1924லயே அமெரிக்காவுல மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இத செஞ்சு எழுதி வச்சுட்டாங்க, முயலைக் கண்டா பயந்து அழுகற ஒரு குட்டிப் பையன், அவனுக்குப் பிடிச்சதை சாப்பிடக் கொடுத்துட்டு முயலை தூரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்தாங்க, கடைசியில அவனே முயலைத் தொட்டு விளையாட ஆரம்பிச்சுட்டான். உங்களுக்கு முயல் எதுன்னா நீச்சல் குளத்துப் படிக்கட்டு. முதல் நாள் படியில உக்காந்து கால நனைச்சுட்டு போனாலும் அது கிளாஸ்தான், ஃபீஸ் வாங்கறேன்ல.

மேடம், இடுப்பளவு தண்ணியில நடப்பேன், ஆனா முகத்தை உள்ள விட்டா மூக்குல ஏறிடுது, பதறிடறேன்.

தம் கட்டிட்டு உள்ள போறீங்க, அதான். ஓரத்துக் கம்பியைப் பிடிச்சுக்கோங்க, வாய மூடிட்டு மூக்கு வழியா ‘ம்ம்ம்’னு முனகிட்டே முகத்தை உள்ள விடுங்க. காத்து வெளிய வந்துட்டே இருக்கற வரைக்கும் தண்ணி உள்ள வராது, முனகல் நிக்கறதுக்கு முன்னாடி தலையத் தூக்கிடுங்க. வீட்ல பக்கெட்லயே பழகலாம், யாரும் பாக்க மாட்டாங்க. இன்னொண்ணு, உள்ள இருக்கும்போது மூச்சு முட்டுதேன்னு தோணறது பெரும்பாலும் ஆக்சிஜன் தீந்ததால இல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்றதால, ஊதி வெளிய விட்டாலே பதட்டம் கொஞ்சம் அடங்கும். அதுக்குன்னு வேக வேகமா மூச்சு இழுத்து விட்டுட்டு முங்கற வேலை மட்டும் வேணாம், தண்ணிக்குள்ளயே மயக்கம் போட்டுரும், நல்லா நீந்தறவங்களே அப்படி செத்திருக்காங்க.

எனக்கு சின்ன வயசுல மாமா கிணத்துல தூக்கிப் போட்டுட்டாரு. தானா வந்துரும்னாங்க, வரல. இப்ப 36, ஷவர்ல முகத்துல தண்ணி அடிச்சாலே படபடப்பு.

அந்த மாமாங்களாலதான் எனக்கு பாதி பேட்ச் நிரம்புது தம்பி! அதே ஊர்கள்ல சுரைக்குடுக்கையையோ டின்னையோ முதுகுல கட்டி விட்டும் பழக்குனாங்க, அது எவ்வளவு புத்திசாலித்தனம், அத விட்டுட்டு தூக்கிப் போடறதையே வீரமா பேசுவாங்க. உங்களுக்கு நான் நீச்சலே சொல்லித் தர மாட்டேன், முதல்ல எந்திரிக்க சொல்லித் தருவேன். சிரிக்காதீங்க. நாலடித் தண்ணியில குப்புற மிதக்கற பெரியவங்களுக்கு எப்படி நிமிந்து நிக்கறதுன்னு தெரியாது, அதனாலதான் கை கால உதறி அடிச்சுட்டு தண்ணி குடிக்கறாங்க. முட்டிய நெஞ்சுக்கு இழுங்க, ரெண்டு கையையும் கீழ் நோக்கி அழுத்துங்க, கால் தானா அடியில போகும், தரை தட்டுனதும் தலையத் தூக்குங்க. இத திரும்பத் திரும்ப செய்ய வைப்பேன், உங்களுக்கே போரடிக்கணும். நான் பாத்த வரைக்கும் இது கைவந்தவங்க அடுத்த வாரமே கம்பிய விட்டுடறாங்க, யாரும் தள்ள வேண்டியதில்ல. கோச் எவனாவது சொல்லாம கொள்ளாம தள்ளி விட்டா அன்னைக்கே வேற இடம் பாருங்க. ஷவர்லயே படபடப்புன்னு சொல்றீங்க, அதனால ஒரு மனநல டாக்டரையும் பாத்துடுங்க, ரெண்டும் சேந்து நடக்கட்டும்.

நான் கடப்பாறை மேடம், போட்டா நேரா அடிதான். சிலர் மிதக்கவே மாட்டாங்களாமே?

ஒல்லியா தசை அதிகமா இருக்கறவங்களுக்கு கால் கீழ போகும், நிஜம்தான். ஆனா நெஞ்சு நிறைய காத்த இழுத்துட்டு முட்டிய கட்டிப் பிடிச்சு உருண்டையா இருந்து பாருங்க, முதல்ல இறங்கும், அப்புறம் முதுகு மெதுவா மேல வந்து நிக்கும். கொழுப்பு இருக்கறவங்களுக்கு இன்னும் ஈஸி, வாழ்க்கையில அது உதவற ஒரே இடம் இதுதான்.

காஸ்ட்யூம் போட கூச்சமா இருக்கு அக்கா, சுடிதாரோட இறங்கலாமா?

வேணாம். காட்டன் தண்ணிய குடிச்சு கனமாகி கால சுத்திக்கும், நிறைய குளத்துல விடவும் மாட்டாங்க. முழுக்கை முழுக்கால் நீச்சல் உடை கடையிலயே கிடைக்குது, லேடீஸ் பேட்ச்ல சேருங்க. மத்தவங்க அவங்கவங்க மூக்கப் பிடிச்சுட்டு இருப்பாங்க, உங்களப் பாக்க நேரமிருக்காது.

ஒரு மாசத்துல கத்துக்கிட்டேன்! ஆடிப்பெருக்குக்கு காவிரியில ஃப்ரெண்ட்ஸோட இறங்கலாம்ல?

இறங்காதீங்க. நீச்சல் குளத்துல அடி தெரியும், ஓடற இழுப்பு கிடையாது. ஆத்துல மணல் அள்ளுன குழி மேல இருந்து பாத்தா தெரியாது, முழங்கால் தண்ணியில நடந்துட்டிருப்பீங்க, அடுத்த அடி ஆள் முழுகிடும். 2021ல மட்டும் உலகத்துல சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி செத்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. குளத்துல உங்கள விடச் சொன்ன பயம் வேற, இங்க வர்ற பயம் வேற, இத விடச் சொல்லி நான் யாருக்கும் சொல்லித் தரல. படித்துறையில கம்பி இருக்கற இடத்துல குளிங்க. யாராவது மூழ்குனா பின்னாடியே குதிக்காதீங்க, கரையில படுத்துட்டு துப்பட்டா, கயிறு, கம்பு எதையாவது நீட்டுங்க, மூடி போட்ட காலி கேனா இருந்தாலும் வீசுங்க.