டயட்டில் பெஞ்ச் பிரஸ் இறங்கினால் தசை கரைகிறது என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 34. எட்டு வாரத்துக்கு முன் 84 கிலோ இருந்தேன், இப்போது 75. இடுப்புச் சுற்றளவு 38 அங்குலத்திலிருந்து 35 ஆகிவிட்டது. ஆனால் 80 கிலோவில் ஐந்து ரெப் (அதாவது ஐந்து முறை) போட்ட பெஞ்ச் பிரஸ், அதாவது படுத்தபடி மார்பிலிருந்து எடையை மேலே தள்ளும் பயிற்சி, இப்போது 70 கிலோவில் நான்கோடு நின்றுவிடுகிறது. டெட்லிஃப்ட் மட்டும் பழைய 120 கிலோவிலேயே இருக்கிறது. நாளுக்கு 1,300 கலோரி சாப்பிடுகிறேன். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் கார்டியோ (மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி). கொழுப்பு சீக்கிரம் குறையட்டும் என்று ஜிம்மிலும் தூக்கும் எடையைக் குறைத்து, ஒரு செட்டில் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றில்) இருபது ரெப் என்று மாறிவிட்டேன். கஷ்டப்பட்டுச் சேர்த்த தசையெல்லாம் போகிறதா? டயட்டை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் இதே வேகத்தில் ஓடவும் வேண்டாம். உங்கள் தசை மொத்தமாகக் கரையவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்: டெட்லிஃப்ட் அப்படியே இருக்கிறது. முதுகு, பின்தொடை, புட்டம் எல்லாம் சேர்ந்து தரையிலிருந்து எடையைத் தூக்கும் பயிற்சி அது. தசை பெரிய அளவில் போயிருந்தால் அதுவும் சரிந்திருக்கும். இடுப்பில் மூன்று அங்குலம் குறைந்திருப்பதும் போனதில் பெரும்பங்கு கொழுப்புதான் என்று காட்டுகிறது.

அப்படியானால் பெஞ்ச் மட்டும் ஏன் இறங்கியது? உடல் மெலியும்போது முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் இதுதான். மேல்முதுகிலும் மார்பிலும் இருந்த சதைப்பற்று குறைகிறது. பெஞ்சில் படுத்தால் உடம்பின் தடிமன் முன்னைவிடக் குறைவு. பார் மார்பைத் தொட இன்னும் சற்றுக் கீழே இறங்க வேண்டும். அங்கிருந்து கூடுதல் தூரம் தள்ள வேண்டும். தோளைச் சுற்றி இருந்த பிடிமானமும் குறைகிறது. டெட்லிஃப்டில் கதை தலைகீழ். வயிறு குறைந்ததால் குனிந்து பாரைப் பிடிக்கும் நிலை சுலபமாகிறது. புல்-அப் செய்து பாருங்கள், டயட்டுக்கு முன் செய்ததைவிடக் கூடுதலாகவே வர வாய்ப்புண்டு. தூக்க வேண்டிய உடம்பே ஒன்பது கிலோ குறைந்திருக்கிறதே.

அடுத்தது எரிபொருள். மாவுச்சத்தைத் தசை கிளைகோஜனாகச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தால் இந்த இருப்பு வற்றுகிறது. டயட்டின் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதற்கும், கண்ணாடியில் தசை தட்டையாகத் தெரிவதற்கும் இதுவே முக்கியக் காரணம். தசை போய்விட்டது என்று பலர் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். செட்டைக் கவனித்தாலே இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். முதல் இரண்டு ரெப் பழைய வேகத்தில் ஏறி, மூன்றாவதில் பார் பாதி வழியில் தயங்கி, நான்காவது நகரவே மறுக்கிறதா? பெரும்பாலும் எரிபொருள் பற்றாக்குறை. வார்ம்-அப் எடையே கனமாகத் தெரிகிறது, நாளுக்கு நாள் இப்படியே இருக்கிறது என்றால் களைப்பு தேங்கிவிட்டது என்று பொருள். தினமும் ஒரு மணி நேரக் கார்டியோவும் 1,300 கலோரியும் சேர்ந்தால் இரண்டுமே நடக்கும்.

கொஞ்சம் தசையும் போயிருக்கலாம். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் உங்கள் வேகம் அப்படி. எட்டு வாரத்தில் ஒன்பது கிலோ என்றால் வாரத்துக்கு உடல் எடையில் ஏறக்குறைய 1.4 சதவீதம். 2011-ல் நார்வேயில் விளையாட்டு வீரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு 0.7 சதவீதம், இன்னொரு குழு 1.4 சதவீதம் என்ற இலக்கோடு எடை குறைத்தது. இரு குழுவும் எடைப் பயிற்சி செய்தன. மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பு குறைந்ததோடு, கொழுப்பல்லாத உடல் எடை (தசை, தண்ணீர் போன்றவை) சுமார் 2 சதவீதம் கூடவும் செய்தது. வேகமாகக் குறைத்தவர்களுக்கு அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை. நீங்கள் இரண்டாவது குழுவின் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது கலோரி கணக்குகூட அல்ல, இருபது ரெப்புக்கு மாறியதுதான். 'கட்டிங்' (கொழுப்பைக் குறைக்கும் காலம்) என்றாலே லேசான எடை, நிறைய ரெப் என்று பல ஜிம்களில் இன்னும் சொல்லித் தருகிறார்கள். ரெப்பைக் கூட்டுவதால் கொழுப்பு தனியாகக் கரையாது. அதைக் குறைப்பது சாப்பாட்டில் உள்ள பற்றாக்குறை. எடைப் பயிற்சிக்கு டயட் காலத்தில் ஒரே வேலை: இந்தத் தசை இன்னும் தேவைப்படுகிறது என்று உடம்புக்குத் தெரியப்படுத்துவது. லேசான எடையையும் கை ஓயும் வரை செய்தால் தசையின் அளவு நிற்கும், உண்மைதான். ஆனால் கனத்தைத் தூக்கும் பலம் கனத்தைத் தூக்கினால்தான் நிற்கும். அது தசையின் திறன் மட்டுமல்ல, நரம்பு மண்டலத்தின் பழக்கமும்கூட. உங்கள் பெஞ்ச் இறக்கத்தில் ஒரு பங்கு வெறும் பழக்கம் விட்டுப்போனதாகவே இருக்கும். அது சீக்கிரம் திரும்பும்.

ஆகவே பாரில் உள்ள எடையைக் குறைக்காதீர்கள், செட்டுகளைக் குறையுங்கள். பலத்தைக் கட்டுவதற்குத் தேவைப்படும் உழைப்பைவிட, கட்டியதைக் காப்பதற்குத் தேவைப்படுவது மிகக் குறைவு. அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் நடந்து, 2011-ல் வெளியான ஆய்வொன்றில், 16 வாரம் பயிற்சி செய்தவர்கள் அதன்பின் 32 வாரம் பயிற்சியளவைக் குறைத்தார்கள். இளம் வயதினர் ஒன்பதில் ஒரு பங்கு செய்தே தசையின் அளவைக் காத்துக்கொண்டார்கள். அவர்கள் டயட்டில் இல்லை என்பதால் நீங்கள் அந்த அளவுக்கு இறங்க வேண்டாம். பாதி, அல்லது மூன்றில் இரண்டு பங்கு வைத்துக்கொள்ளலாம். பெஞ்ச் வாரத்துக்கு இரண்டு முறை. நன்றாக வார்ம்-அப் செய்து 70 கிலோவில் மூன்று ரெப் ஒரு செட். இன்னொரு ரெப் வரும் என்ற நிலையிலேயே பாரை ரேக்கில் வைத்துவிடுங்கள். பிறகு 60 கிலோவில் ஆறு ரெப், இரண்டு செட். போதும். செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் தாராளமாக ஓய்வு எடுங்கள். டெட்லிஃப்டுக்கு வாரம் ஒரு நாள். கார்டியோவைப் பாதியாகக் குறைத்து, மீதியை நடையாக மாற்றுங்கள்.

சாப்பாட்டில் நாளுக்கு 400 முதல் 500 கலோரி கூட்டுங்கள். அப்போதும் பற்றாக்குறை இருக்கும், எடை இறங்கும். வாரத்துக்கு அரை கிலோவை ஒட்டி இறங்கினால் சரியான வேகம். கூட்டுவதில் பெரும்பகுதி மாவுச்சத்தாக, பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பயிற்சி முடிந்த பிறகும் இருக்கட்டும். புரதம் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம், உங்கள் எடைக்கு 120 முதல் 165 கிராம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கலோரியை 40 சதவீதம் குறைத்துக் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பல்லாத எடை 1.2 கிலோ கூடியது, 1.2 கிராம் எடுத்தவர்களுக்கு அது ஏறக்குறைய அப்படியே நின்றது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. கிரியேட்டின் தினம் 3 முதல் 5 கிராம் எடுக்கலாம். சப்ளிமெண்டுகளில் பலத்துக்குத் தெளிவான ஆதாரம் உள்ளது அது.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்டே ஆக வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரே அளவு சாப்பாட்டில், படுக்கையில் இருக்கும் நேரத்தை எட்டரை மணியிலிருந்து ஐந்தரை மணியாகக் குறைத்துப் பார்த்தார்கள். இழந்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது கொழுப்பு இழப்பு 55 சதவீதம் குறைந்து, கொழுப்பல்லாத எடையின் இழப்பு 60 சதவீதம் கூடியது. பத்தே பேரை வைத்து நடந்த சிறிய ஆய்வுதான். இருந்தாலும் நான் டயட் பட்டியலில் கை வைக்கும் முன் தூக்கத்தைத்தான் கேட்பேன்.

சாப்பாட்டைக் கூட்டிய முதல் வாரத்தில் தராசு அரை கிலோவோ ஒரு கிலோவோ ஏறிக் காட்டலாம். அது தசையில் திரும்பி நிறையும் கிளைகோஜனும் தண்ணீரும். பயந்து மறுபடி சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை எழுதுங்கள். இடுப்பளவு வாரம் ஒரு முறை. 70 கிலோவில் எத்தனை ரெப், டெட்லிஃப்ட் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். மூன்று வாரம் கழித்து, எடை மட்டும் இறங்கி, இடுப்பு அப்படியே நின்று, டெட்லிஃப்டும் சேர்ந்து சரிந்தால் இரண்டு வாரம் டயட்டை நிறுத்தி, எடை நிலையாக நிற்கும் அளவுக்குச் சாப்பிடுங்கள். தலைசுற்றல், எப்போதும் குளிர்வது போன்ற உணர்வு, பாலுணர்வு குறைவது, பெண்களென்றால் மாதவிடாய் தவறுவது, இவை தெரிந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், டயட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் எடை இறங்க இறங்க அதன் அளவை மாற்ற வேண்டியிருக்கும். ஒன்பது கிலோ குறைந்துவிட்டதால் அந்தச் சந்திப்பை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள்.