குரல்நாண் தெரிகிறது, டியூப் போகவில்லை

மூச்சுக்குழாய்க்குள் சுவாச டியூப் போடும்போது இப்படி ஆனால், பிளேடை (லாரிங்கோஸ்கோப்பில் வாய்க்குள் போகும் தகடு) ஒரு சென்டிமீட்டர் பின்னால் இழுங்கள். வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் (தொண்டையைத் திரையில் காட்டும் கேமராக் கருவி) குரல்நாண் பளிச்சென்று தெரிந்தும் டியூப் போகவில்லை என்றால், பெரும்பாலும் பிளேடு ரொம்ப ஆழத்தில் இருக்கும். காட்சி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, குரல்வளை திரையின் மேல்பாதியில் இருக்கட்டும்.

அதிக வளைவுள்ள பிளேடு என்றால் ஸ்டைலெட்டும் (டியூபுக்கு வடிவம் தர உள்ளே செருகும் கம்பி) அதே வளைவில் இருக்கிறதா என்று பாருங்கள். டியூபின் நுனி வாய்க்குள் போகும்வரை கண் வாயில்தான் இருக்க வேண்டும், திரையில் அல்ல. அண்ணம் கிழிவது அங்கேதான்.

நுனி குரல்நாணைத் தாண்டியும் முட்டுகிறதா? ஸ்டைலெட்டைக் கொஞ்சம் உருவிவிட்டு, டியூபைக் கடிகாரச் சுற்றில் திருப்பித் தள்ளுங்கள். அப்புறம் கேப்னோகிராஃப் அலை (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் வரைகோடு) வருகிறதா என்று பார்த்தே நம்புங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 93%க்கு இறங்கினால் முயற்சியை நிறுத்திவிட்டு மாஸ்க்கில் ஊதுங்கள். மாஸ்க், எல்எம்ஏ (குரல்வளைக்கு மேல் உட்காரும் மாஸ்க்) இரண்டிலும் ஆக்சிஜன் ஏறவில்லை, டியூபும் போகவில்லை என்றால் தயங்காமல் கழுத்து வழிதான், அதாவது கழுத்தின் முன்பக்கம் கீறி மூச்சுக்குழாய்க்கு வழி செய்வது.