ஆள் இல்லை என்கிறார்கள், சம்பளம் மட்டும் ஏறவில்லையே? பந்திங் தோட்டத்துக் கேள்விகளுக்குப் பதில்

சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்கள், மில்லில் இருப்பவர்கள், தோட்டத்தை விட்டு பேக்டரிக்குப் போய்விட்ட பிள்ளைகள் என்று பலர் கேட்ட கேள்விகள் இவை. தொழிற்சங்க வேலையில் பல காலம் இருந்தவன் என்பதால் பதில் சொல்கிறேன். தீபகற்ப மலேசியாவின் சட்டத்தை வைத்துத்தான் பேசுகிறேன். வெள்ளி என்றால் ரிங்கிட்.

அண்ணே, டன் கணக்கில் குலை வெட்டுகிறேன். போன மாதம் மழை, 1,350 வெள்ளிதான் வந்தது. டன் கணக்குக்காரனுக்குக் குறைந்தபட்ச சம்பளம் கிடையாது என்கிறார் மண்டோர் (மேற்பார்வையாளர்).

மண்டோர் சொல்வது தப்பு, தம்பி. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அதே தொகைதான். டன், டிரிப், குத்தகை என்று எந்தக் கணக்கில் கொடுத்தாலும் மாதச் சம்பளம் அதற்குக் கீழே போகக்கூடாது.

ஆனால் முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். 1,350 என்பது பிடித்தம் போகக் கையில் வந்ததா, அதற்கு முந்திய தொகையா? 1,700 வாங்குபவருக்கு இபிஎஃப் (சேமநிதி) 11 விழுக்காடு மட்டுமே 187 வெள்ளி. சொக்சோவும் (தொழிலாளர் காப்புறுதி) முன்பணமும் போனால் இன்னும் இறங்கும். நீங்களாகப் பெரட்டுக்கு (காலையில் ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகாத நாளுக்கும் குறையும். பெரட்டுக்குப் போய், மழையென்று திருப்பி அனுப்பினார்கள் என்றால் அந்தத் தேதிகளை அன்றன்றே எழுதி வையுங்கள். குலை எண்ணிக்கைச் சீட்டையும் போனில் படம் பிடித்துவிடுங்கள். மாதக் கடைசியில் “இவ்வளவு காய்க்குலை” (பழுக்காத குலை) என்று சம்பளத்தில் பிடிக்கும்போது கையில் அந்தப் படம் இருக்க வேண்டும். கணக்கு இடித்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள், புகாருக்குக் காசு இல்லை.

ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து நாளைக்கே வேலைக்குப் போகாமல் நின்றால் பணிந்துதானே ஆகணும்?

பணியலாம். ஆனால் உங்களை வெளியே அனுப்பவும் அதே காரணம் போதும். பதிவு பெற்ற சங்கம், உறுப்பினர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, முடிவைத் தொழிற்சங்கப் பதிவகத்திடம் கொடுத்து, அப்புறம் ஏழு நாள் பொறுத்துத்தான் வேலைநிறுத்தம் செய்ய முடியும். தகராறு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அதுவும் கூடாது. சும்மா நின்றுவிட்டால், விடுப்போ தக்க காரணமோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவர் என்று சட்டமே சொல்கிறது.

இந்தக் கட்டுப்பாடுகள் தொழிலாளிக்கு நியாயமானவை என்று நான் நினைக்கவில்லை. 1941-இல் இதே கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நம் ஆட்கள் நின்றார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக்கூடாது. இவைதான் கேட்டவை. மே மாதம் போராட்டத் தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்தார்கள். போராட்டம் பரவியது, பட்டாளம் வந்து சுட்டது, உயிர்கள் போயின. அவர்களுக்குச் சங்கச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கவில்லை. நமக்கு இருக்கிறது, குறைகளோடு. அதனால் முதலில் சங்கத்தில் சேருங்கள். வேலை நேரம் முடிந்து, வேலையிடத்தருகே அமைதியாக மறியல் செய்யவும் வழி உண்டு.

55 ஆகிவிட்டது, ரிட்டையர் ஆகச் சொல்கிறார்கள்.

முடியாது. 2013 ஜூலை 1 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60.

ஐயா, என் தங்கையை ஒன்பது வருட வேலையிலிருந்து வாயாலேயே நிறுத்திவிட்டார்கள். தீபாவளி முடிந்து பார்க்கலாம் என்றிருக்கிறோம்.

தள்ளிப் போடாதீர்கள், அம்மா. நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61-ஆம் நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும். வக்கீல் தேவையில்லை. இன்னொன்று: “சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்” என்ற தாளை நீட்டினால் தங்கை கையெழுத்துப் போடக்கூடாது. ஒரு மாதச் சம்பளம் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லித்தான் அதை நீட்டுவார்கள்.

அந்நியத் தொழிலாளர்களால்தானே நம் பிழைப்பு போனது?

இந்தக் கேள்வி கோபத்தோடு வருகிறது, கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஆள் மாறிப் போகிறது கோபம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். அன்று “வெளியாள்” என்று ஒதுக்கப்பட்டது நாம்.

இன்று நம் பையன் ஏன் குலை வெட்ட வருவதில்லை? நீளக் கம்பில் அரிவாளைப் பூட்டி, அண்ணாந்து பார்த்தபடி இழுத்து, விழும் குலைக்கு ஒதுங்கி நின்று, முள்ளோடு தூக்கி வண்டியில் போடும் வேலைக்குக் கிடைப்பது, ஏர்கண்டிஷன் கடையில் நிற்பவனுக்குக் கிடைப்பதைவிட அதிகம் இல்லை. 2020-இல் எல்லையை மூடியதும் ஆள் வரத்து நின்றது. செம்பனைக் குலை காத்திருக்காது. வெட்டியதும் ஒரு நாளுக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் அமிலம் ஏறி எண்ணெய்த் தரம் கெடும். மரத்திலேயே விட்டால் பழுத்து உதிரும். அந்த நேரத்திலும் பெரும்பாலான முதலாளிகள் கேட்டது கூடுதல் பெர்மிட். கூடுதல் கூலி கொடுத்துப் பார்ப்போம் என்று சொன்னவர்கள் குறைவு.

ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பாஸ்போர்ட்டையும் முதலாளியிடம் கொடுத்துவிட்டவன் குறைந்த கூலிக்குத் தலையாட்டுவான். அவன் கூலி இறங்கினால் உங்கள் கூலியும் இறங்கும். கட்டாய உழைப்புப் புகாரால் 2020-இல் அமெரிக்கா இரண்டு பெரிய மலேசியச் செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைத் தடுத்தது. அந்நியத் தொழிலாளர்களும் சங்கத்தில் உறுப்பினராகலாம். சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கமும் சட்டம் இருக்கிறது. அந்நியரை வைப்பதற்காக உள்ளூர்க்காரரை நிறுத்தக்கூடாது. ஆட்குறைப்பு என்றால் அதே வேலையில் இருக்கும் அந்நியத் தொழிலாளரை முதலில் குறைக்க வேண்டும். இது வேலைச் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

தோட்டத்தை வீடு கட்டுபவருக்கு விற்றுவிட்டார்களாம். 22 வருடம் வேலை செய்திருக்கிறேன், என்ன கிடைக்கும்?

ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். உங்கள் கணக்குக்கு 440 நாள். எட்டு வார நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தனி. புதிய முதலாளி அதே நிபந்தனையில் வேலை கொடுத்தால் இந்தத் தொகை வராது.

தோட்டம் கொடுத்த லயத்து வீடு வேறு விஷயம். வேலைக்குச் சட்டம் தொகை சொல்வதுபோல் வீட்டுக்குச் சொல்லவில்லை. அதை எல்லாக் குடும்பமும் சேர்ந்து, சங்கத்தை வைத்துக்கொண்டு பேசி வாங்க வேண்டும். ஒரு வீடு முதலில் பணம் வாங்கிக்கொண்டு வெளியேறினால் மற்றவர்களின் பேரம் அங்கேயே உடையும். மாற்று வீடு எங்கே, எப்போது, யார் பெயரில் என்பது எழுத்தில் வரும்வரை யாரும் சாவியைக் கொடுக்காதீர்கள்.