உணவு வங்கிக்குக் காசு கொடுத்தால் போதாதா, நேரில் போய் வேலையும் செய்ய வேண்டுமா?

காசு கட்டாயம் தேவை. ஆனால் அரிசி மூட்டை தானாகப் பொதியாகாது. எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை காலையில் ஒருவர் அரிசி நிறுப்பார், ஒருவர் பருப்பில் கல் பார்ப்பார், இன்னொருவர் மாப் பைகளில் திகதி பார்ப்பார். வண்டு விழுந்த ஒரு பை தவறிப் போனாலும் வாங்கும் வீட்டுக்கு அது அவமானம்.

அதைவிடப் பெரியது ஆளறிவது. யாருக்கு நீரிழிவு, எந்தப் பிள்ளைக்குப் பால்மா வேண்டும் என்பதெல்லாம் பெயர்ப் பட்டியலில் இருக்காது. ஒரு ஆச்சி பொதியை வாங்கியதும் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனா. அடுத்த கிழமையிலிருந்து பின்னேரத்தில் சைக்கிளில் அவவின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். காசு மட்டும் அனுப்பியிருந்தால் அந்தத் தலைப்பை நான் கண்டிருக்க மாட்டேன்.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் உணவு விலை ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பானபோது இந்த ஆளறிவுதான் கைகொடுத்தது. வன்னிக்கு இப்படித் தொண்டு செய்வது புதிதும் அல்ல. 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர்களும் தொண்டர்கள்தான்.

சரி, இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். முதல் நாள் தராசடியில் நில்லுங்கள், பிறகு பொதி கொடுக்கும் மேசைக்கு வரலாம்.