டிவிடி வந்துருக்கு, குழந்தைங்களோட பாக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவுல இருக்கற என் தம்பி நார்னியா ரெண்டாம் பாகம் 'பிரின்ஸ் காஸ்பியன்' டிவிடி அனுப்பிருக்கான். ஏழு வயசுப் பொண்ணு பயப்படுவாளா சார்?

பதில்: முதல்ல அது உங்க பிளேயர்ல ஓடுதான்னு பாருங்கம்மா, டிவிடிக்கு ஏரியாவுக்கு ஏரியா ரீஜியன்னு ஒரு நம்பர் இருக்கு, அது பிளேயரோட நம்பர்க்கு ஒத்துப் போனாதான் ஓடும், அங்க விக்கறது பெரும்பாலும் ரீஜியன் 1, நம்ம ஊருக்கு 5, எல்லா ரீஜியனும் ஓடற பிளேயரா இருந்தா பிரச்சினை இல்ல.

படம் 2008 மே மாசம் தியேட்டருக்கு வந்தது, டிசம்பர் 2 அன்னைக்கு அமெரிக்காவுல டிவிடி விட்டாங்க, கிறிஸ்துமஸ் கிஃப்ட் சீசனாச்சே, விடுவாங்களா! முதல் பாகம் மாதிரி பனி, மாயம்னு நெனச்சு உக்காராதீங்க. முதல் பாகத்துல வந்த அந்த நாலு பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம்தான் ஆயிருக்கும், நார்னியாங்கற அந்த மாய உலகத்துல 1300 வருஷம் ஓடிருக்கும், எல்லாம் பாழடைஞ்சு கெடக்கும். ராத்திரில நார்னியாக்காரங்க எதிரியோட கோட்டைக்குள்ள புகுந்து சண்டை போடறப்ப கேட் மூடிக்கும், பாதிப் பேர் உள்ள மாட்டிக்கிட்டு கம்பி வழியா பாத்துக்கிட்டே நிப்பாங்க, ரத்தம் பெருசா காட்ட மாட்டாங்க ஆனா எனக்கே தொண்டை அடைச்சுச்சு. பனிக்கட்டிக்குள்ள, முதல் பாகத்து வில்லியான வெள்ளைச் சூனியக்காரி கைநீட்டற சீனும் இருக்கு. அந்த ரெண்டு எடத்துலயும் பாப்பா பக்கத்துல இருங்க.

மூணு டிஸ்க் செட்டுன்னா, ஸ்லோவேனியாவுல பாலம் கட்டி எடுத்த ஷூட்டிங்கைப் பத்தின வீடியோ இருக்கும், அத அவளுக்கு முன்னாடியே போட்டுக் காட்டுங்க, பாதி பயம் போயிடும்.