கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து, பிக்மென்ட் மை (கரையாத நிறமித் துகள்கள் கொண்ட மை) உள்ள வண்ண இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டேன். இரவில் குண்டு பல்பின் வெளிச்சத்தில் சரியாக இருந்த படம், காலையில் சன்னலோரம் பார்த்தபோது பச்சையாகத் தெரிகிறது. பிரிண்டர் பழுதாகிவிட்டதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பழுது ஏதும் இல்லை. அந்தப் படத்தின் சாம்பல் நிறப் பகுதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இளநீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் நெருக்கமாகச் சிதறிக் கிடப்பது தெரியும். இந்த மூன்றும் கலந்துதான் உங்கள் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகப் படுகின்றன. பல்பு ஒளியில் சிவப்பு மிகுதி, பகலொளியில் நீலம் மிகுதி என்பதால், ஒளி மாறும்போது அந்தக் கலவையின் சமநிலை குலைந்து ஏதேனும் ஒரு நிறம் தலைதூக்குகிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 2000பி, பிக்மென்ட் மையை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்த தொடக்ககால இயந்திரங்களில் ஒன்று. பகலொளியில் பச்சை தெரிகிறது என்ற குறை அதன்மீதும் சொல்லப்பட்டது.

சாம்பல் நிறத்தை வண்ண மைகளால் உண்டாக்காமல், சாம்பல் நிற மைகளாலேயே அச்சிடுவதுதான் இதற்குத் தீர்வு. 2005இல் எப்சன் கொண்டுவந்த கே3 மை வரிசையில் அடர்கறுப்பு, இளங்கறுப்பு, மிக இளங்கறுப்பு என மூன்று அடர்த்திகள் ஒரே நேரத்தில் இயங்கின. கறுப்பு நிறமியின் அடிப்படை கரிமம். அதைத் தனியே நீர்க்கச் செய்தால் சற்றுப் பழுப்புச் சாயல் காட்டும் என்பதால், வண்ண மைகளை மிகக் குறைந்த அளவில் சேர்த்துச் சாயலைத் திருத்துகிறார்கள். உங்கள் பிரிண்டரில் சாம்பல் மைகளும் கறுப்பு வெள்ளைக்கென்றே தனி அச்சு முறையும் இருந்தால், அதையே பயன்படுத்துங்கள். ஒரேயொரு கறுப்பு மை மட்டும் உள்ள பிரிண்டர் என்றால், குடும்பத்தில் காலத்துக்கும் இருக்க வேண்டிய படத்தைச் சாம்பல் மைகள் உள்ள அச்சகத்தில் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: விலை உயர்ந்த பருத்தித் தாள் வாங்கினேன். திரையில் கன்னங்கரேலென்று இருந்த கூந்தல், தாளில் சாம்பல் பூத்தாற்போல் வருகிறது. தாள் போலியா?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் பிரிண்டர் அமைப்பில் எந்தத் தாள் வகையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பாருங்கள். உங்களுடையது போன்ற பளபளப்பில்லாத மேட் தாளுக்கு மேட் பிளாக், பளபளப்புத் தாளுக்கும் பேரியம் சல்பேட் பூச்சுள்ள பரைட்டா தாளுக்கும் போட்டோ பிளாக் என இரண்டு கறுப்பு மைகள் உண்டு. பளபளப்புத் தாள் என்று தவறாகக் குறித்துவிட்டால், மேட் தாளில் போட்டோ பிளாக் இறங்கி, வலுவில்லாத கறுப்பே கிடைக்கும்.

சரியான மை இறங்கினாலும் மேட் தாளுக்கென்று ஓர் எல்லை உண்டு. அதன் மிக ஆழ்ந்த கறுப்பின் அடர்த்தி அளவு 1.6 அல்லது 1.7ஐ ஒட்டியே நிற்கும். நல்ல பரைட்டா தாளில் அது 2.2ஐத் தாண்டும். 1.6 என்றால், மேலே விழும் ஒளியில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு திரும்பி வருகிறது; 2.3 என்றால் அரை விழுக்காடுதான். கூந்தலின் இழைகளும் கறுப்புக் கோட்டின் மடிப்புகளும் முக்கியமான படத்துக்கு நான் பரைட்டாவையே பரிந்துரைப்பேன். முகத்தின் மென்மையான இடைநிறங்களே உயிராக உள்ள படத்துக்கு, ஹானமூலே போட்டோ ராக் 308 போன்ற முழுப் பருத்தித் தாளுக்கு நிகரில்லை; அப்போது நிழற்பகுதிகளைக் கொஞ்சம் வெளுப்பாக்கி அச்சிடுங்கள்.

தாளை மேலும் வெண்மையாகக் காட்டும் ஒளிர்ப்பூட்டும் பொருள் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின் கீழ் தாள் நீலமாக மின்னினால், அது இருக்கிறது என்று பொருள். காலப்போக்கில் அது செயலிழக்கும்போது தாளின் வெண்மை மஞ்சள் பக்கம் சாய்ந்து, படத்தின் சாயலும் உடன் மாறும்.

கேள்வி: பிக்மென்ட் மையில் அச்சிட்ட படம் நூறாண்டு தாங்கும் என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அச்சுப் படங்களின் ஆயுளைச் சோதிக்கும், ஹென்றி வில்ஹெல்ம் நிறுவிய ஆய்வகம் போன்றவை சொல்லும் ஆண்டுக்கணக்கு, நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் ஒளி, 24 பாகை வெப்பம், 60 விழுக்காடு ஈரப்பதம் என்ற நிபந்தனைகளோடு சேர்ந்தது. கடலோர ஊரில் ஈரப்பதம் அதைவிட அதிகம் என்பதால், ஒளியைவிடப் பூஞ்சையைக் கண்டே நீங்கள் அஞ்ச வேண்டும். அச்சிட்ட படத்தை ஒரு நாளாவது காற்றாட உலர விட்ட பிறகு சட்டமிடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அமிலமற்ற அட்டைச் சட்டகம் வையுங்கள். ஓதம் ஏறும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.